டாஃப்ட் பங்க்கின் முதல் ஆல்பம் பெட்ரூமால்தான் ஜெயித்ததா?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். டாஃப்ட் பங்க் என்ற பிரெஞ்சு எலக்ட்ரானிக் இசை ஜோடியின் 'ஹோம்வொர்க்' ஆல்பத்தை எல்லோரும் கொண்டாடுகிறார்களே என்று கேட்டுப் பார்த்திருக்கிறீர்கள். ஒரே வரி ஏழு நிமிடம் ஓடுகிறது. பாரிஸில் ஒரு பெட்ரூமில், மலிவான கருவிகளை வைத்து இரண்டு பையன்கள் செய்தது என்றும் படித்திருக்கிறீர்கள். இதுவே இவ்வளவு ஓடியது என்றால் என் லேப்டாப்பில் நானும் செய்யலாமே, இல்லை ஒருவருடைய அப்பா இசைத்துறையில் இருந்ததுதான் நிஜமான காரணமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆல்பம் நல்லதா கெட்டதா என்பது உங்களுக்குப் பெரிய விஷயமாகத் தெரியவில்லை. அந்த வெற்றி எங்கிருந்து வந்தது, அதில் எந்தப் பங்கு தன் கைக்கும் எட்டும் என்பதுதான் உங்கள் கேள்வி. நல்ல கேள்வி. என் இடத்துக்கு வந்து உட்காரும் இளைஞர்களில் பாதிப் பேர் இதையேதான் வேறு வேறு பெயர்களை வைத்துக் கேட்கிறார்கள்.

நான் யார் என்று முதலில் சொல்லிவிடுவது நியாயம். சென்னையில் இருபது வருடங்களுக்கு மேலாக சவுண்ட் இன்ஜினியர் வேலை. பக்திப் பாடல், விளம்பரம், சினிமாப் பின்னணி என்று எல்லாம் மிக்ஸ் செய்திருக்கிறேன். தொண்ணூறுகளின் பாரிஸ் கிளப் எதிலும் நின்றவன் இல்லை. அதனால் ஸ்பீக்கரிலிருந்து வருவதைப் பற்றி உறுதியாகப் பேசுவேன். அந்த ஊர் இரவுகளைப் பற்றிப் படித்ததை வைத்துத்தான் பேச முடியும்.

தாமஸ் பாங்கால்டரும் கி-மானுவல் டி ஓமெம்-கிறிஸ்டோவும் 1987-ல் பாரிஸின் லீசே கார்னோ பள்ளியில் நண்பர்கள் ஆனவர்கள். முதலில் ஆரம்பித்தது கிட்டார் இசைக்குழு. லோரான் பிராங்கோவிட்ஸ் என்ற மூன்றாமவருடன் சேர்ந்து 'டார்லின்' என்று பெயர் வைத்தார்கள். அந்த பிராங்கோவிட்ஸ்தான் பிறகு ஃபீனிக்ஸ் என்ற ராக் குழுவில் சேர்ந்தவர். டார்லின் வெளியிட்ட கொஞ்சம் பாடல்களை பிரிட்டனின் மெலடி மேக்கர் பத்திரிகை நையாண்டி செய்தது. அந்த விமர்சனத்தில் வந்த கிறுக்குத்தனமான பங்க் என்ற பொருள்படும் சொற்களையே எடுத்து அடுத்த குழுவுக்குப் பெயராக வைத்துக்கொண்டார்கள். 1993-ல் யூரோ டிஸ்னியில் நடந்த ஒரு ரேவ் இரவில் (விடிய விடிய நடக்கும் டான்ஸ் பார்ட்டி), கிளாஸ்கோவின் சோமா என்ற ரெக்கார்டு லேபிளை நடத்தியவர்களில் ஒருவரான ஸ்டூவர்ட் மெக்மில்லன் கையில் தங்கள் டெமோவைக் கொடுத்தார்கள். 1994-ல் அந்த லேபிளில் முதல் சிங்கிள் வந்தது. 1995-ல் 'டா ஃபங்க்'.

இங்கேதான் பலரும் கவனிக்காமல் தாண்டிப் போகும் விஷயம் இருக்கிறது. 'ஹோம்வொர்க்' 1997 ஜனவரியில் வந்தபோது அதிலிருந்த 16 டிராக்குகளில் சில புதியவை அல்ல. 'டா ஃபங்க்', அதனுடன் வந்த 'ரோலின் அண்ட் ஸ்க்ராட்சின்', 'இண்டோ சில்வர் கிளப்' எல்லாம் ஏற்கெனவே வினைலில் வந்து, கிளப்புகளில் ஓடித் தேறியவை. 'அலைவ்' முதல் சிங்கிளிலேயே இருந்தது. டான்ஸ் இசையில் வினைல் சிங்கிள் என்பது கிட்டத்தட்ட ஒத்திகை மேடை மாதிரி. டிஜே அதைப் போடுகிறார், கூட்டம் ஆடுகிறதா நகர்கிறதா என்பது அடுத்த நிமிடமே தெரிந்துவிடும். 'டா ஃபங்க்' வெளிவந்த புதிதில் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. பிரிட்டனின் டான்ஸ் இசை ஜோடியான கெமிக்கல் பிரதர்ஸ் அதைத் தங்கள் நிகழ்ச்சிகளில் போட ஆரம்பித்த பிறகுதான் பேச்சு கிளம்பியது. வர்ஜின் என்ற பெரிய ரெக்கார்டு நிறுவனத்துடன் ஒப்பந்தம் 1996-ல். ஆக, ஒரே இரவில் வந்த வெற்றி என்பது கதை. பின்னால் மூன்று வருடம் இருக்கிறது.

சரி, பெட்ரூம். அது உண்மைதான். பாங்கால்டரின் அறையில்தான் செய்தார்கள். ஆல்பத்தின் பெயரிலேயே வீடு இருக்கிறது, ஹவுஸ் என்ற சிகாகோ டான்ஸ் இசையும் ஒளிந்திருக்கிறது, பள்ளிக்கூட வீட்டுப்பாடமும் இருக்கிறது. ரோலண்ட் நிறுவனத்தின் 909, 808 டிரம் மெஷின்கள், 303 என்ற சின்ன பேஸ் பெட்டி, ஜூனோ சிந்தசைசர், சாம்பிளர்கள், ஒரு சாதாரண மிக்சர். இந்த ரோலண்ட் பெட்டிகளில் பலவும் எண்பதுகளின் முதல் பாதியில் தயாரிப்பு நிறுத்தப்பட்டவை. நிஜ டிரம்ஸ், நிஜ பேஸ் கிட்டார் போல ஒலிக்கவில்லை என்று இசைக்கலைஞர்கள் ஒதுக்கியதால் விலை சரிந்து, செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைத்தன. சிகாகோ, டெட்ராய்ட் பையன்கள் கையில் அவை சிக்கியதால்தான் ஹவுஸும் டெக்னோவும் இந்த ஒலியோடு வளர்ந்தன. தற்செயலாக ஒரு தகவல்: மும்பையில் சரண்ஜித் சிங் என்ற சினிமா இசைக்கலைஞர் 1982-லேயே 303-ஐயும் 808-ஐயும் வைத்து பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஒரு ரெக்கார்டு போட்டார். அப்போது யாரும் வாங்கவில்லை. மறுபதிப்பு வந்த பிறகுதான் உலகம் வாயைப் பிளந்தது. கருவி இருந்தால் மட்டும் எதுவும் ஓடிவிடாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

அப்படியானால் அந்த அறை என்ன கொடுத்தது? என் பதில்: நேரம். மணிக்கணக்கில் வாடகை ஓடும் இடத்தில் வேலை பார்ப்பவன் என்பதால் எனக்கு இது உறைக்கிறது. எங்கள் தொழிலில் எட்டு பார் லூப்பை, அதாவது திரும்பத் திரும்ப ஓடும் எட்டுத் தாளச் சுற்றை, பத்து நிமிடம் சும்மா ஓடவிட்டால் பின்னால் சோபாவில் இருப்பவர் கால் மாற்றி உட்காருவார். இருபது நிமிடம் ஆனால், "அடுத்து என்ன சார்?" என்பார். ஒருமுறை ஒரு விளம்பரப் பாட்டுக்கு கிக்கையும் (பெரிய டிரம்மின் அடி) பேஸையும் பொருத்த ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டேன். வேலை கொடுத்தவர் அதற்கான காசைக் கடைசிவரை தரவில்லை. லூப் இசையின் விதியோ நேர்மாறானது. நான்கு பார் கேட்கும்போது பிரமாதமாக இருப்பது நாற்பதாவது நிமிடத்தில் எரிச்சலூட்டும். நாற்பது நிமிடம் கேட்டும் தலை தானாக ஆடினால்தான் அது தேறியது. அதைக் கண்டுபிடிக்க நாற்பது நிமிடம் கேட்பதைத் தவிர வேறு வழி இல்லை. பிறகு குப்பையில் போடவும் மனசு வேண்டும். வாடகை மீட்டர் ஓடும் இடத்தில் யாரும் குப்பையில் போடுவதில்லை, கொடுத்த காசுக்கு ஏதாவது எடுத்துக்கொண்டுதான் போவார்கள்.

இனி உங்கள் ஏழு நிமிட வரிக்கு வருகிறேன். 'அரவுண்ட் த வேர்ல்ட்' ஆல்பம் வடிவத்தில் அந்த மூன்று சொற்கள் 144 முறை வருகின்றன. பாட்டில் வேறு சொல்லே கிடையாது. வரிகளைக் கேட்கிற காதோடு போனால் ஏமாற்றம்தான், ஏனென்றால் நம் பழக்கம் பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று அடுத்தது என்ன என எதிர்பார்ப்பது. உறுமி மேளத்துக்குப் பக்கத்தில் அரை மணி நேரம் நின்றவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டாம். அங்கே யாரும் அடுத்த வரிக்காகக் காத்திருப்பதில்லை. இந்தப் பாட்டில் சொல் நகராது. சொல்லுக்குக் கீழே இருப்பவை நகரும். பேஸ் ஏறி இறங்கும் ஒரு படி, டிரம்ஸ் ஒன்று, கிட்டார் போன்ற ஒரு வெட்டு, மேலே ஒரு சிந்த் மெட்டு, அப்புறம் அந்த இயந்திரக் குரல். ஐந்தே பொருட்கள். ஒன்று போகும், ஒன்று வரும், இரண்டு சேரும். பேஸ் விலகும் இடத்தில் காலுக்குக் கீழே தரை காணாமல் போன மாதிரி இருக்கும், திரும்பி வரும்போது உடம்பு நிம்மதியடையும். பாங்கால்டர் இதைப் பற்றிச் சொன்னது எளிமையானது: சிக் குழுவின் டிஸ்கோ ரெக்கார்டு மாதிரி ஒன்று, பேஸை சிந்தசைசரில் வாசித்து, டாக் பாக்ஸ் குரலோடு. டாக் பாக்ஸ் என்பது ஒலியை ஒரு குழாய் வழியாக வாய்க்குள் விட்டு, வாயசைவால் அதைப் பேசவைக்கிற கருவி. வோகோடர் என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். செய்தவர் சொன்னதையே நான் எடுத்துக்கொள்வேன்.

சில வருடங்களுக்கு முன் என்னிடம் பயிற்சிக்கு வந்த இரண்டு பேரோடு ஓர் இரவு இந்தப் பாட்டை அப்படியே மறுபடி கட்டிப் பார்த்தோம். ஸ்வரங்களைப் பிடிக்க அரை மணி கூட ஆகவில்லை. விடியும்வரை உட்கார்ந்தும் பேஸ் அந்த மாதிரி உட்காரவில்லை. கிக்குக்கும் பேஸுக்கும் இடையில் யார் எப்போது வழிவிடுகிறார் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. இந்த ஆல்பத்தின் பல டிராக்குகளில் கிக் விழும்போது மற்ற ஒலிகள் சற்றே அமுங்கி, உடனே மூச்சுவாங்கி எழுவதைக் கேட்கலாம். கம்ப்ரெசர், அதாவது ஏறும் சத்தத்தை அமுக்கிப் பிடிக்கும் கருவி, செய்யும் வேலை அது. எங்கள் பள்ளியில் இதைத் தவறு என்று சொல்லிக்கொடுத்தார்கள். கம்ப்ரெசர் இருப்பதே கேட்பவனுக்குத் தெரியக் கூடாது என்பது பாடம். இவர்கள் அந்தத் தவறையே தாளமாக மாற்றினார்கள். அதேபோல ஃபில்டர். முழு மிக்ஸையும் ஒரு குமிழுக்குள் அடைத்து, பக்கத்து வீட்டுச் சுவர் வழியாகக் கேட்பது போல மங்கலாக்கி, பிறகு மெல்லத் திறப்பது. பிரெஞ்சு ஹவுஸ் என்றால் இன்றுவரை எல்லோருக்கும் நினைவுக்கு வருவது இந்தத் திறப்புதான். அதை இவர்கள் கண்டுபிடித்தார்கள் என்று சொல்ல மாட்டேன். சிகாகோ டிஜேக்கள் ஏற்கெனவே செய்ததுதான்.

பெட்ரூம் கதையில் விட்டுப்போகும் இன்னொன்று: ஆல்பத்தை மாஸ்டரிங் செய்தது, அதாவது வெளியிடுமுன் ஒலியைக் கடைசியாகச் சீர்செய்தது, பெட்ரூமில் அல்ல. லண்டனில் தி எக்ஸ்சேஞ்ச் என்ற இடத்தில், நிலேஷ் பட்டேல் செய்தார். கடைசிக் கை, இந்தத் தொழிலில் ஊறிய ஒருவருடையது. உங்கள் லேப்டாப்பில் எல்லாம் முடியும், இந்த ஒன்றுக்கு மட்டும் இன்னொருவர் காதைக் கடன் வாங்குங்கள்.

அப்பா விஷயம். ஆமாம், தாமஸின் அப்பா டேனியல் வாங்கார்டு பெரிய டிஸ்கோ தயாரிப்பாளர். ஓட்டாவான் குழுவின் 'டி.ஐ.எஸ்.சி.ஓ.' அவர் கைவண்ணம். அதே குழுவின் இன்னொரு பாட்டின் சாயல் 'ஜிம்மி ஜிம்மி' என்ற இந்திப் பாட்டில் பட்டவர்த்தனமாகத் தெரியும். அந்த இந்திப் பாட்டை 2007-ல் ஈழத்தமிழ்க் குடும்பத்தில் பிறந்த எம்.ஐ.ஏ. என்ற பாடகி மறுபடி பாடினார். மெட்டுகள் பயணம் செய்யும் வழி எனக்கு எப்போதும் வேடிக்கையாக இருக்கும். 'ஹோம்வொர்க்' ஆல்பத்தின் நன்றிப் பட்டியலில் டேனியலின் ஆலோசனைக்கு நன்றி இருக்கிறது. அப்பா பணத்தைக் கொட்டி மகனைத் தூக்கிவிட்டார் என்று இணையத்தில் சொல்கிறவர்களுக்கு ஆதாரம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. ஆனால் அந்த ஆலோசனையின் மதிப்பை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன், அது பணத்தைவிடப் பெரியது. ஏனென்றால் இருபதைத் தாண்டிய கொஞ்ச நாளிலேயே இந்த இருவரும் வர்ஜினிடம் தங்கள் இசையின் உரிமையை விற்கவில்லை. சொந்தமாக ஒரு நிறுவனம் வைத்துக்கொண்டு, உரிமத்தை மட்டும் கொடுத்தார்கள். பணத்தைவிடக் கட்டுப்பாடுதான் தங்களுக்கு அதிகம் கிடைத்தது, தெரிந்தே அதைத் தேர்ந்தெடுத்தோம் என்று பாங்கால்டர் அப்போதே சொன்னார். அந்த வயதில் நம் ஊரில் பாட்டுப் போடுகிறவர்கள் ஒப்பந்தத்தின் இரண்டாம் பக்கத்தைக்கூடப் புரட்டுவதில்லை. நானும் புரட்டியதில்லை.

கட்டுப்பாடு கையில் இருந்ததால்தான் மற்றவை சாத்தியமாயின. முகத்தைக் காட்ட மாட்டோம் என்று விளம்பரப் படங்களுக்குக் கையில் கிடைத்த முகமூடியை மாட்டிக்கொண்டார்கள். ரோபோ தலைக்கவசம் இந்த ஆல்பத்தின் காலத்தில் கிடையாது, அது 2001-ல் வந்த இரண்டாவது ஆல்பத்தோடு வந்தது. பலர் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். முகம் இல்லாத இடத்தை வீடியோக்களில் வேறு விதமாக நிரப்பினார்கள். 'டா ஃபங்க்' வீடியோவை ஸ்பைக் ஜோன்ஸ் எடுத்தார்: நாய்த் தலையும் ஊன்றுகோலுமாக ஒருவன் நியூயார்க் தெருவில் டேப் ரெக்கார்டரைச் சுமந்துகொண்டு நடக்கிறான், பாட்டு அந்தப் பெட்டியிலிருந்துதான் வருகிறது. 'ரெவல்யூஷன் 909' வீடியோவில் ரோமன் கோப்பொலா ஒரு தக்காளி விதையிலிருந்து போலீஸ்காரரின் சட்டையில் பட்ட சாஸ் கறைவரை காட்டுகிறார். அந்தப் பாட்டு ஒரு கூட்டத்தின் இரைச்சலோடும் போலீஸ் சைரனோடும் தொடங்கும். பிரெஞ்சு உள்துறை 1995-ல் ரேவ் நிகழ்ச்சிகளை ஆபத்தானவை என்று சுற்றறிக்கை விட்டிருந்த காலம் அது.

பலன் என்ன? பிரான்ஸ் தரவரிசையில் ஆல்பம் 3-ஆம் இடம், பிரிட்டனில் 8. அங்கே 'டா ஃபங்க்' 7-ஆம் இடமும் 'அரவுண்ட் த வேர்ல்ட்' 5-ஆம் இடமும் பிடித்தன. அமெரிக்காவில் ஆல்பம் 150-ஐத் தாண்டி மேலே போகவில்லை, ஆனாலும் இரண்டு பாட்டுகளும் அடுத்தடுத்த வருடங்களில் கிராமி பரிந்துரை பெற்றன. இவை உறுதி. சில மாதங்களிலேயே 20 லட்சம் பிரதி விற்றது என்று எல்லா இடத்திலும் எழுதுகிறார்கள். இசைத்துறையில் விற்பனைக் கணக்கு என்பது கடைக்கு அனுப்பியதா, கடையில் விற்றதா என்று யாரும் பிரித்துச் சொல்வதில்லை என்பதால் அந்த எண்ணை நான் சாட்சிக்கு இழுக்க மாட்டேன்.

ஆல்பம் முழுக்கத் தங்கம் என்றும் சொல்ல மாட்டேன். 'ஓ யா' எனக்கு மிச்சம் மீதி மாதிரிதான் கேட்கிறது. 'ரோலின் அண்ட் ஸ்க்ராட்சின்' பெரிய ஸ்பீக்கருக்காகச் செய்த இரைச்சல், மொபைலில் கேட்டால் தலைவலி. கடைசி டிராக் 'ஃபங்க் ஆட்', 'டா ஃபங்க்'கைத் திருப்பிப்போட்டு ஓட்டியது, ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஆனால் வரிசையைக் கவனியுங்கள். இரண்டு வினைல் தட்டு, நான்கு பக்கம் என்று யோசித்து அடுக்கியிருக்கிறார்கள். தொடர்ச்சியாக 74 நிமிடம் கேட்பதற்குப் பதில், இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்து கேளுங்கள். நிஜமாகவே வித்தியாசம் தெரியும்.

நான் மிகவும் மதிப்பது இதில் ஒரு சாதாரண டிராக்கை. 'டீச்சர்ஸ்'. வேகம் மாற்றிய குரலில் பெயர்களை அடுக்குகிறார்கள், அவ்வளவுதான். பால் ஜான்சன், டிஜே ஃபங்க், டிஜே ஸ்னீக், ஜெஃப் மில்ஸ், லில் லூயிஸ் என்று பெரும்பாலும் சிகாகோ, டெட்ராய்ட் ஆட்கள், பெரும்பாலும் கறுப்பினத்தவர். நடுவில் பாப் இசையின் பிரையன் வில்சனும் ராப் இசையின் டாக்டர் டிரேயும் வருவார்கள். அந்த வடிவம்கூட சிகாகோவின் பாரிஸ் மிட்செல் செய்த ஒரு டிராக்கிலிருந்து எடுத்ததுதான். சிகாகோ கிளப்புகளில் பிறந்த இசை, சொந்த நாட்டில் வானொலியில் இடம் கிடைக்காமல் கிடந்து, இரண்டு வெள்ளைக்காரப் பையன்கள் வழியாக எம்டிவிக்குப் போனது. அந்த அநியாயம் இவர்கள் உண்டாக்கியது அல்ல, ஆனால் ஆதாயம் இவர்களுக்கும் வந்தது. இந்தப் பட்டியலில் இருக்கும் டாட் எட்வர்ட்ஸ், ரோமந்தனி, ஸ்னீக் மூவரும் அடுத்த ஆல்பத்தில் கூட வேலை செய்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு மறந்த நன்றி இல்லை.

இப்போது உங்கள் லேப்டாப். அவர்களுடைய மொத்த அறையும் அதற்குள் அடங்கும், அதில் சந்தேகம் வேண்டாம். இல்லாதது இரண்டு: ஓர் இடத்தில் போட்டுப் பார்த்து ஆட்கள் ஆடுகிறார்களா என்று சோதிக்கிற கூட்டம், அப்புறம் அந்தச் சலிப்பான நாற்பது நிமிடங்கள். முதலாவதற்கு உங்கள் ஊரில் டிஜே வேலை பார்க்கும் யாரையாவது பிடியுங்கள். கல்யாண ரிசப்ஷனாக இருந்தாலும் பரவாயில்லை. இரண்டாவதற்கு ஒரு பயிற்சி சொல்கிறேன். 'அரவுண்ட் த வேர்ல்ட்' வீடியோவை மிஷெல் கோந்த்ரி இயக்கினார், நடனம் பிளாங்கா லீ. வட்டமான மேடையில் ஐந்து கூட்டம். ரோபோக்கள் குரல், படியில் ஏறி இறங்கும் நெட்டையர்கள் பேஸ், மம்மிகள் டிரம்ஸ், எலும்புக்கூடுகள் கிட்டார், நீச்சல் தொப்பிப் பெண்கள் சிந்த். ஒரு கருவி ஒலித்தால் அந்தக் கூட்டம் ஆடும், நிறுத்தினால் நிற்கும். இரண்டு முறை ஒலியோடு பாருங்கள். மூன்றாவது முறை ஒலியை முழுக்க அணைத்துவிட்டு, யார் நிற்கிறார்கள், யார் கிளம்புகிறார்கள் என்று மட்டும் ஒரு தாளில் குறித்துக்கொண்டே வாருங்கள். பாட்டு முடியும்போது அந்தத் தாளில் முழு அரேஞ்ச்மென்ட்டும் உங்கள் கையெழுத்தில் இருக்கும்.